மெய்நிகர் உடற்பயிற்சிக் கருவி: வீட்டில் யாருக்காக?

ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தோரை முன்னே செல்லுமாறு கூறிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. அன்று முந்தியவர் அன்னையே. பின்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தினார்கள். இச்செய்தியை இல்லற அன்புக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். மனைவி தயக்கமின்றி ஓடுவதற்கான தனிமையைக் கணவரே ஏற்படுத்திக் கொடுத்தார் என்ற படிப்பினையும் இதில் உண்டு.

இன்று நம் பெண்களுக்கு அத்தகைய இடம் எங்கே? வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அறிவுறுத்துகிறது. ஆண்கள் அதிகாலைத் தொழுகை முடித்துக் கடற்கரையிலோ மைதானத்திலோ நடந்துவிட்டு வருகின்றனர். பெண்களோ சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையே நடப்பதையே பயிற்சி என்று எண்ணிக்கொள்கின்றனர். சர்க்கரை நோயும் மூட்டுவலியும் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

இந்நிலையில்தான் வி.ஆர். எனப்படும் மெய்நிகர் கருவிகளைக் கருதிப் பார்க்கிறோம். கண்ணை மூடும் கவசம் ஒன்று, கைப்பிடிகள் இரண்டு. கருவியிலுள்ள கேமராக்களும் உணரிகளும் நம் அசைவைப் பின்தொடர்கின்றன. 2018-இல் வெளிவந்த ‘பீட் சேபர்’ விளையாட்டில் பாய்ந்து வரும் கட்டைகளைக் கைவீசி வெட்ட வேண்டும். எதிர்வரும் தடுப்புச் சுவருக்குக் குனிந்து விலக வேண்டும். சிறிது நேரத்திலேயே உடல் வியர்த்துவிடும். ஆறரை அடிச் சதுர இடமும் சாத்திய கதவும் போதும்.

எச்சரிக்கையும் தேவை. கண் காணும் அசைவை உட்செவி உணராதபோது தலைசுற்றல் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியலாகாது. ‘மெட்டா’ நிறுவனமே பத்து வயதுக்குட்பட்டோருக்குத் தன் கருவியை அனுமதிப்பதில்லை. பல விளையாட்டுகள் இசையோடு பின்னப்பட்டவை. இசையைத் தவிர்ப்போர் ஒலியை அடக்கிவிட்டு ஆடலாம். தொழுகை நேரத்தை விழுங்கும் எந்த ஆட்டமும் நமக்கு நன்மையாகாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கருவி யார் கையில் இருக்கும் என்பதே. குடும்பத்துக்கென்று வாங்கியது ஒரே வாரத்தில் மகனின் அறைக்குள் போய்விடுமானால் அது வீண்விரயம். அவனுக்குத் தெருவும் திடலும் திறந்தே இருக்கின்றன. வாங்குவோர் உம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் உரிய நேரத்தை முதலில் ஒதுக்குங்கள். அந்த அரைமணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் நாம் பார்த்துக்கொள்வோம்.

2023-இல் வெளிவந்த ‘குவெஸ்ட் 3’ கருவியின் அறிமுக விலை 499 டாலர். எல்லாக் குடும்பங்களுக்கும் அது எட்டாது. மஹல்லாவின் திருமண மண்டபம் பல நாட்கள் பூட்டிக் கிடக்கிறது. அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அதைப் பெண்களின் உடற்பயிற்சிக்கெனத் திறந்துவிட ஜமாஅத் நிர்வாகிகள் முன்வரலாகாதா? கருவி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அந்தக் கடமை நம்மை விட்டு நீங்கிவிடாது.

உடலும் ஓர் அமானிதமே. அதைப் பேணும் வாய்ப்பை நம் வீட்டுப் பெண்களுக்கும் அளிக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!