சித்திரப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இணையத்தளம் செய்ய முடியாது

 

"சித்திரம் படிச்சு என்ன செய்யப்போறாய்? கம்பியூட்டரைப் படி." பத்தாம் தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலத்தில் ஆசிரியர்கள் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. க.பொ.த. சாதாரண தரத்தில் இரண்டும் வெவ்வேறு தொகுதிகளில் உள்ளன. ஒரே பிள்ளை இரண்டையும் படிக்கலாம். பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

இதன் விளைவு நம் கண்முன்னே இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் காசு அனுப்புகிறார்கள். யாரோ ஒருவர் ஆயத்த ரெம்பிளேட் ஒன்றை வாங்கி நம் பெயரை ஒட்டித் தருகிறார். ஓடுகிற எழுத்து, மினுங்குகிற பூ, எந்த நாட்டுப் பிள்ளைகளோ சிரிக்கும் படம். அறிவித்தல்கூடப் படமாகவே ஏற்றப்படுகிறது. தேடினால் அகப்படாது, பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டாது.

இப்போது புதிதாக "பௌஹவுஸ் ஸ்டைல்" என்கிறார்கள். சிவப்பு வட்டம், நீலச் சதுரம், மஞ்சள் முக்கோணம் வைத்தால் முடிந்ததாம்! 1919இல் ஜேர்மனியின் வைமாரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய அந்தக் கலைப்பள்ளி சொன்னது அதையல்ல. பொருள் எதற்குப் பயன்படும், எதனால் ஆனது என்று முதலில் கேள். அழகு அதிலிருந்தே வரட்டும் என்றது. அங்கே பெண்பிள்ளைகளைப் பெரும்பாலும் நெசவுக்கே தள்ளினார்கள். தள்ளப்பட்ட அந்த நெசவறையிலிருந்துதான் குன்டா ஷ்டோல்ஸ்லும் அன்னி அல்பர்ஸும் வந்தார்கள். நாம் இளக்காரமாகப் பார்க்கும் பாடம் எது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

நெசவு நமக்குப் புதிதா? மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையும் வடமராட்சிப் பனையோலைப் பெட்டியையும் எடுத்துப் பாருங்கள். நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று. இணையப் பக்கத்தைக் கட்டும் சி.எஸ்.எஸ். கிரிட்டும் நிரலும் நிரையும்தான். சதுரக் கொப்பியில் ஒரு பெட்டியின் பின்னலை வரைந்து பழகிய பிள்ளைக்கு, கணினியில் நான்கு நிரலாக நிற்கும் பக்கம் போனில் ஒரு நிரலாக எப்படி மடிய வேண்டும் என்பதை விளங்கப்படுத்துவது எளிது.

1925இல் பௌஹவுஸின் ஹெர்பர்ட் பயர் பெரிய எழுத்தே இல்லாத ஓர் எழுத்து வடிவத்தை வரைந்தார். தமிழில் பெரிய எழுத்து என்றைக்குமே இருந்ததில்லை. நமக்குள்ள வேலை வேறு: மேல்வரியின் 'பு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டாமல் வரிகளுக்கிடையே இடம் விடுவது. ஆங்கிலத்துக்கு அளந்த ரெம்பிளேட் இதைக் கவனிக்காது. எழுத்தை வரைந்து பழகிய கண் கவனிக்கும்.

"பிள்ளைகள் செய்தால் பிழை வரும்" என்பீர்கள். வரட்டும். அடுத்த நாளே அவர்கள் திருத்துவார்கள். காசு கொடுத்து வாங்கியதில் பிழை வந்தால் செய்தவரைத் தேடி அலைகிறோமே, அது பரவாயில்லையா?

பெற்றோரே, பழைய மாணவர்களே, சனசமூக நிலையத்தாரே, அடுத்த இணையத்தளத்துக்குக் காசு ஒதுக்குமுன் சித்திரம் படிக்கும் பிள்ளைகளையும் கம்பியூட்டர் படிக்கும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் இருத்துங்கள். பனையோலை பின்னத் தெரிந்த ஓர் அம்மாவையும் கூப்பிடுங்கள். மீதியை ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.