வடக்கு வாசல் பார்த்தாச்சா?

பௌர்ணமி வந்தா போதும்... கேங்கா பஸ் ஏறி திருவண்ணாமலைக்குக் கிளம்பிடுறீங்க. 14 கிலோமீட்டர் கிரிவலம். முடிச்சதும் கிழக்கு ராஜகோபுரத்து முன்னால ஒரு போட்டோ. தப்பில்லை! 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சது. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கத்தான் செய்யும்.

ஆனா, அதோட திரும்பிடாதீங்க. அப்படியே வடக்கு வாசலுக்கும் ஒரு நடை போங்க. அங்கே இருக்கிற 171 அடி கோபுரத்துக்குப் பேர், அம்மணி அம்மன் கோபுரம். யார் இந்த அம்மணி? ராணியா? ஊஹூம்... ஒரு பெண் துறவி. பாதியில் நின்றுபோன கோபுரத்தை, வீடு வீடாகப் போய்க் காசு கேட்டுக் கட்டி முடித்தவர் என்று ஊரே சொல்கிறது.

கஜானா கிடையாது, படை கிடையாது. கிழக்கே ராஜாக்கள் கட்டினதுக்கு 'ராஜகோபுரம்'னு பொதுப் பேர்தான். வடக்கே, கையேந்திக் கட்டினவங்களோட சொந்தப் பேரே நிலைச்சிருச்சு!

கோயில் சுவர்ல அம்பு விட்ட இதயம் வரைஞ்சு, ரெண்டு பேரைக் கிறுக்கிட்டு வர்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லுல பேர் நிக்கணும்னா கட்டணும் பாஸ்... கிறுக்கக் கூடாது!