உளவியல் பட்டம் இனி யாருக்கு எட்டும்?

2025 சூலை 25 அன்று, சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்த நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அடுத்த சில வாரங்களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பு வந்தது: தொலைநிலையிலும் இணைய வழியிலும் உளவியல் படிப்புக்குப் புதிய சேர்க்கை கூடாது. அந்தச் சூலை–ஆகஸ்ட் பருவத்திலேயே அது நடைமுறைக்கும் வந்தது.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குழு காரணமாகக் காட்டுகிறது. நேரடிப் பயிற்சி பெறாதவர் மனநலச் சேவை வழங்கக் கூடாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இளநிலைப் பட்டம் தொழில் உரிமம் அன்று. மருத்துவ உளவியலாளராக விரும்புவோர் மேற்பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தாக வேண்டும். இளநிலைப் பட்டம் அதற்கான முதற்படி மட்டுமே. பகலில் வேலைக்குச் செல்வோரும், மணமாகிப் படிப்பை விட்ட பெண்களும், விடுதிக் கட்டணம் கட்ட இயலாத முதல் தலைமுறையினரும் அப்படியில் ஏறியது பெரும்பாலும் தொலைநிலைக் கல்வியால்தான். தமிழ்நாட்டில் உளவியல் துறை உள்ள அரசுக் கலைக் கல்லூரிகள் மிகச் சிலவே. சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தைப் பற்றி இவ்வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

உளவியலை யார் பயில்கிறார் என்பது நீதிமன்றம் வரை சென்று பேசும். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கென விளங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற இணையர் மேமி கிளார்க்கும் கென்னத் கிளார்க்கும். அவர்கள் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் நீட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டனர். குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்ற 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்பு, தன் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வைச் சுட்டுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க, அதன் வலியை அறிந்தவர்கள் அத்துறைக்குள் இருக்க வேண்டியிருந்தது.

விடுதியில் தன் தட்டைத் தனியே வைக்கிறார்கள் என்று ஒரு தலித் மாணவி சொல்லும்போது, சாதியை அறியாத ஆலோசகர் அதை 'ஒத்துப்போவதில் சிக்கல்' என்று குறித்துக்கொள்வார். மனநலச் சேவையில் சாதிப் பாகுபாட்டை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 18, வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஆனால் இத்தகைய குறிப்பை எதிர்த்து வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை வழக்குரைஞர்களாகிய நாங்கள் அறிவோம்.

எனவே தொலைநிலையில் மூடப்பட்ட இடங்களுக்கு ஈடாக, அரசுக் கல்லூரிகளில் மாலை நேர உளவியல் வகுப்புகளை உதவித்தொகையுடன் தொடங்க வேண்டும் எனக் கோருகிறோம். மாணவத் தோழர்கள் இப்போதே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்களுடையது அரசுக் கல்லூரியாயின், ஆலோசகர் அமர்த்தப்பட்டாரா, அவருடைய கல்வித் தகுதி என்ன, பட்டியலின, பழங்குடி மாணவரை அணுகுவது குறித்து ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாள்களுக்குள் விடை வராவிடில் முதல் மேல்முறையீடு செய்யலாம்.