எவர் வீட்டுக் கதவு?

பழைய சேலையையும் பாத்திரத்தையும் இணையத்தில் விற்பது குற்றமன்று. இல்லாதவனுக்கு அது பேருதவி. நாம் சீறுவது வேறொன்றற்காக. 1991இல் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இறுப்பிட்டியை விட்டு ஓடினார்களே, அவர்தம் வீடுகளின் கதவும் நிலையும் எங்கே? ‘புராதனத் தேக்குக் கதவு’ என்ற படத்தைக் கண்டதும் பேரம் பேசும் டாக்டர்மாரே, அப்புக்காத்துமாரே! அது எவர் வாசலில் நின்றதென்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளையே தொல்பொருளென்கிறது. கண்டி வீழ்ந்த நாள் அது! யாழ்ப்பாண அரசு 1619இலேயே வீழ்ந்ததை எவர் எண்ணினார்? பாட்டன் தென்னிலங்கையிற் கடை நடத்தித் தேடிய காசிற் செய்த கதவுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. எனினும், களவுப்பொருளென்று அறிந்து வாங்குவது தண்டனைக்கோவையின்படி குற்றமே. உரித்தாளியின் கடிதமின்றி ஒரு பலகையும் வாங்காதீர்! ஊரிலுள்ள கமக்காரரே, பூட்டிய வளவில் லொறி நின்றால் மறித்துக் கேளுங்கள்.