அடம்

சேரிச் சுவர்களில் 'அடங்க மறு' என்று எழுதுகிறோம். அதே சுவருக்குள்ளே அஞ்சு வயசுப் பிள்ளை 'ஏன்?' என்று ரெண்டாவது தடவை கேட்டால் 'வாயை மூடு' என்கிறோம். இந்த முரணைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சே வருவதில்லை. பேசியாக வேண்டும் என்பது என் கட்சி.

பிள்ளையை அடக்கி வளர்க்கும் வழக்கம் பயத்திலிருந்து வந்தது. ஊர்த்தெருவில் எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு என்ன நேரும் என்று நம் ஆயாக்களுக்குத் தெரியும். பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்றுதான் அதன் வாயைப் பொத்தினார்கள். பொத்திய வாய் ஆண்டைக்கும் வசதியாகப் போனது.

என் மகள் அடத்துக்குப் பேர்போனவள். நாளெல்லாம் பேங்க் கவுண்டரில் பதில் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் இன்னொரு கவுண்டர் திறந்திருக்கும்.

"அம்பேத்கர் தாத்தா ஏம்பா எப்பவும் கோட்டு போட்டுன்னு கீறாரு? வேர்க்காதா?"

"வேர்க்கும்."

"கழட்டச் சொல்லு."

"மாட்டாரு. சின்னப் புள்ளையில அவரப் பள்ளிக்கூடத்துல தனியா சாக்கு மேல உக்கார வெச்சாங்கோ."

படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப போட்டுக்கட்டும்."

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில், தவசியைப் போலவே கை தூக்கி நிற்கும் பூனை ஒன்று உண்டு. காலடியில் எலிகள்.

"பூன இன்னாப்பா பண்ணுது?"

"தவம்."

"எலி நம்பிச்சா?"

"நம்பிச்சு."

"நானா இருந்தா மொதல்ல, பசிக்குதான்னு பூனையைக் கேப்பேன்."

மனுதர்மத்தை எதிர்த்து நாம் போட்ட துண்டறிக்கை எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை தோழர்களே.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் காரணையின் கதையைச் சொன்னேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892 அரசாணைப்படி பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டது. மற்ற சாதியார் அதை வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் நிலம் கை மாறியது. நூறு வருசம் கழித்து காரணையில் மீட்கக் கிளம்பினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

"அவங்கோ இன்னா கேட்டாங்கோ?"

"நெலம்."

"யாரு நெலம்?"

"நம்முது."

"நம்முதுன்னா எதுக்குக் கேக்கணும்?"

பக்கத்து சீட்டு பெரியவர் சிரித்துவிட்டார். இந்தக் கேள்விக்கு வருவாய்த்துறையிடமே இன்றுவரை பதில் இல்லை. ஆனாலும் கேள்வி ஒரு பிள்ளையின் வாயில் பிறந்துவிட்டது. அதைக் கொல்லாமல் இருப்பதே நம் வேலை.

'பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது' என்பார்கள். அந்தப் பேச்சை முதலில் நம் வீட்டிலிருந்து துரத்த வேண்டும். இரவுப் பாடசாலை நடத்தும் மாணவத் தோழர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் பாடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

எந்த இடத்தில் பேசினால் அடி விழும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லித்தரத்தான் வேண்டும். நிலைமை அப்படி இருக்கிறது. அப்போது அதை ஆபத்து என்றே சொல்லுங்கள். மரியாதை என்று பேர் வைத்து ஏமாற்றாதீர்கள். ஆபத்து என்று தெரிந்த பிள்ளை ஒரு நாள் அதை எதிர்க்கும். மரியாதை என்று நம்பிய பிள்ளை ஆயுசுக்கும் கைகட்டி நிற்கும்.