கைக்கு ஒரே அக்கவுண்ட்தான்

கிட்டார் வாங்கின முதல் வாரத்தில் எல்லாருக்கும் கிடைக்கிற அட்வைஸ் ஒண்ணுதான். "வலிக்கத்தான் செய்யும் மச்சான், போகப் போகப் பழகிடும்." இதில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியாலதான் நம்ம ஹாஸ்டல்ல இத்தனை கிட்டார் கட்டிலுக்கு அடியில் தூசி படிஞ்சு கிடக்குன்னு நான் நினைக்கிறேன்.

சரியான பாதியை முதல்ல சொல்லிடுறேன். ஸ்ட்ரிங்கை அழுத்துறதால விரல் நுனித் தோல் எரியும், சிவக்கும். சில வாரத்தில் அந்த இடம் காய்ச்சுப் போகும், அப்புறம் எரியாது. இது தோல் சம்பந்தப்பட்ட வலி, பழகிடும்.

பழகாத வலி வேற. கட்டைவிரலுக்குக் கீழே சதைப் பகுதி இறுகிப் பிடிச்சுக்கிறது, முழங்கைக்குக் கீழே கல்லு மாதிரி ஆகிடுறது, ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள எஃப் கார்டில் விரல் வலுவிழந்து நழுவுறது, சுண்டுவிரல் மரத்துப்போறது. நாம இது எல்லாத்தையும் சேர்த்து "கை வலிக்குதுடா"ன்னு ஒரே வரியில் முடிச்சிடுறோம். கேட்கிறவனும் "பழகிடும்"னு ஒரே வரியில் முடிச்சிடுறான். தோல் எரியறதுக்கும், தசை பிடிக்கிறதுக்கும், நரம்பு மரத்துப்போறதுக்கும் ஒரே பதில் எப்படி சரியா இருக்கும்?

இப்பவே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மணிக்கட்டை நேரா வெச்சு முஷ்டியை இறுக்குங்க. அடுத்து மணிக்கட்டை உள்பக்கமா முடிஞ்ச வரை மடக்கி, அதே மாதிரி இறுக்கிப் பாருங்க. இறுக்கவே வராது. உங்க கை திடீர்னு பலவீனமாகிடலை. விரலை மடக்குற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கு. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாப் போய்த்தான் விரலை இழுக்குது. மணிக்கட்டை மடக்கினா அந்தத் தசை ஏற்கெனவே சுருங்கிப்போய், மேற்கொண்டு இழுக்க இடமில்லாம நிக்குது. கிட்டாரைத் தொடையில் சரிச்சுப் போட்டு, கழுத்துக்கு அடியில் மணிக்கட்டை வளைச்சுப் பிடிக்கிறவங்க எல்லாரும் இந்த ரெண்டாவது நிலையில்தான் எஃப் கார்டு பிடிக்கப் போராடுறாங்க. ஹாஸ்டல் கட்டிலில் கீபோர்டை வெச்சு, சம்மணம் போட்டுக் குனிஞ்சு வாசிக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொண்ணு. அசையாம இறுக்கிப் பிடிச்சே இருக்கிற தசை, தனக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்களைத் தானே நசுக்குது. அதனால, சுருங்கி விரிஞ்சு வேலை செய்யற தசையைவிட சீக்கிரம் சோர்ந்துடும். "கையில் வலு பத்தலை"ன்னு நாம நினைக்கிற இடத்தில் பெரும்பாலும் நடக்கிறது இதுதான். வலு குறைவா இருக்கிறதைவிட, தேவைக்கு மேல செலவாகுறதுதான் பிரச்சினை. எவ்வளவு தேவைன்னு அளந்து பாருங்க. ஒரு விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் லேசா வைங்க. ஸ்ட்ரிங்கை மீட்டிக்கிட்டே மெதுவா அழுத்தத்தைக் கூட்டுங்க. கரகரப்பு போய் ஸ்வரம் தெளிவாக் கேட்கிற அந்த நொடியில் நிறுத்துங்க. தேவை அவ்வளவுதான். அதுக்கு மேல போடுறதெல்லாம் வேஸ்ட். அதனாலதான் வலு ஏத்தணும்னு ஸ்ப்ரிங் கிரிப்பர் வாங்கி கிளாஸ் பெஞ்சில் அழுத்திக்கிட்டு இருக்கிறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே களைச்ச தசைக்கு அது இன்னொரு ஓவர்டைம்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், இதில் கணக்கும் போடலாம். ஸ்ட்ரிங்கோட டென்ஷன், ஃப்ரீக்வென்ஸியோட ஸ்கொயருக்கு நேர் விகிதத்தில் இருக்கும்னு பிளஸ் டூவில் படிச்சோம். கிட்டாரை அரை ஸ்வரம் கீழே இறக்கி ட்யூன் பண்ணா டென்ஷன் ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். ஒரு முழு ஸ்வரம் இறக்கினா சுமார் 20 சதவீதம். பாட்டோட சுருதி பழையபடி வேணுமா, கேப்போ போட்டுக்கலாம். முதல் ஸ்ட்ரிங்கை 0.012 இன்ச்சிலிருந்து 0.010 இன்ச்சுக்கு மாத்தினா, அதே சுருதியில் டென்ஷன் 30 சதவீதம் குறையும். கடையில் கொடுத்து ஸ்ட்ரிங்கோட உயரத்தை இறக்கச் சொன்னா இன்னும் சுலபமாகும். விலை குறைஞ்ச கிட்டார் நிறைய, ஸ்ட்ரிங் மேலே தூக்கிக்கிட்டுத்தான் வருது. அதில் கத்துக்க ஆரம்பிச்சுட்டு "எனக்கு மியூசிக் வராது"ன்னு முடிவு பண்றவங்களைப் பார்த்தா நிஜமாவே வருத்தமா இருக்கு. கருவியில் இருக்கிற குறையைத் தங்களோட குறையா எடுத்துக்கிறாங்க.

இனி தலைப்புக்கு வர்றேன். வாசிக்கிற கை தனி, மத்த வேலை செய்யற கை தனின்னு உடம்புக்கு ரெண்டு அக்கவுண்ட் கிடையாது. நம்ம ஒரு நாளை எடுத்துக்கங்க. காலையில் பைக்கில் டிராஃபிக்கில் நின்னு நின்னு இடது கையால் கிளட்ச் பிடிக்கிறோம். ஃப்ரெட் பிடிக்கிறதும் அதே கை, அதே தசைகள். மதியம் லேப் ரெக்கார்டு, அதுவும் கடைசி நாளில் ஆறு எக்ஸ்பெரிமென்ட் ஒண்ணா எழுதுறோம். சாயங்காலம் லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். நடுவில் ரெண்டு கட்டைவிரலும் போனில் கேம் ஆடுது. ஹாஸ்டல்னா வாரம் ஒரு தடவை ஒரு பக்கெட் துணி பிழியறதும் உண்டு. இதுக்கெல்லாம் அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குக் கிட்டாரைக் கையில் எடுக்கிறப்போ, அக்கவுண்ட்ல பேலன்ஸ் ஏற்கெனவே கம்மி. பிடிப்பு கிட்டார் வாசிக்கிறப்போதான் தெரியுது. ஆனா செலவு காலையிலேயே தொடங்கிடுச்சு. செமஸ்டர் பரீட்சையில் 3 மணி நேரம் எழுதிட்டு வந்த அன்னைக்கு வேகமான பீஸ் எதுவும் எடுக்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

எங்க பேட்ச்சில் ஒரு கீபோர்டு பையன் இருக்கான். கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி மூணு வாரம், தினமும் ராத்திரி ப்ராக்டிஸ். அவனுக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போக ஆரம்பிச்சது. யார்கிட்டயும் சொல்லலை. ப்ராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கப் போறப்போ, அவன் மட்டும் கையை உதறிக்கிட்டு ஓரமா நிப்பான். கேட்டா "தூக்கம் பத்தலை"ம்பான். ஷோ முடிஞ்ச பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். ஏன்டா அப்பவே சொல்லலைன்னு கேட்டதுக்கு, "சொன்னா என் இடத்துக்கு இன்னொருத்தனைப் போட்டுடுவீங்கல்ல"ன்னான். பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனப்போ, மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றியே லேப்டாப்பில் வேலை செய்யற பழக்கத்தை முதல்ல விடச் சொன்னாங்க. சுண்டுவிரலுக்குப் போற நரம்பு முழங்கையோட பின்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஓடுது. முழங்கை எங்கேயாவது இடிச்சா ஷாக் அடிச்ச மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். இப்போ அவன் நல்லா இருக்கான். ஆனா அந்த மூணு வாரம் அவன் பயந்துக்கிட்டே வாசிச்சான். அந்தப் பயத்துக்குக் காரணம் வலி இல்லை, நம்ம டீம் எப்படி நடக்குதுங்கிறது.

"கஷ்டப்படாம எப்படிப்பா கலை வரும்? வித்வான்கள் எல்லாம் மணிக்கணக்கா சாதகம் பண்ணலையா?"ன்னு நீங்க கேட்கலாம். பண்ணினாங்கதான். சாதகம்னா சரியான அசைவைத் திரும்பத் திரும்பப் பண்றது. களைச்சுப்போன கை சரியான அசைவைப் பண்ணாது. தோளைத் தூக்கும், தாடையைக் கடிக்கும், மணிக்கட்டை வளைக்கும். அதுக்கு மேல பண்ற ஒவ்வொரு ரிப்பீட்டும் தப்பான அசைவுக்குத்தான் சாதகம். மெக்கானிக்கல் மக்களுக்கு இது புரியும். ஈல்ட் பாயிண்டைத் தொடவே தொடாத லோடுகூட, போதுமான தடவை வந்துபோனா இரும்பை உடைச்சிடும். அதுக்குப் பேரே ஃபெட்டீக். நமக்கும் இரும்புக்கும் ஒரே ஒரு நல்ல வித்தியாசம், நம்ம தசை தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கும். அதுக்கு ஓய்வு வேணும், அவ்வளவுதான்.

ஓய்வு கொடுக்காம முட்டி மோதினா எங்கே போய் நிக்கும்ங்கிறதுக்கு லியான் ஃப்ளைஷரோட கதை ஒண்ணு போதும். அமெரிக்க பியானோ கலைஞர், 16 வயசிலேயே நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோட மேடையேறினவர். 1960களின் நடுவில், முப்பதுகளில் இருந்தப்போ, வலது கையோட மோதிர விரலும் சுண்டுவிரலும் தானா உள்பக்கம் சுருள ஆரம்பிச்சது. அவர் முதல்ல பண்ணினது இன்னும் அதிகமா ப்ராக்டிஸ். நிலைமை மோசமானதுதான் மிச்சம். அது ஃபோக்கல் டிஸ்டோனியான்னு தெரிய வர்றதுக்குப் பல வருஷம் ஆச்சு. இது தசையோட பலவீனம் இல்லை, மூளையிலிருந்து விரலுக்குப் போற கட்டளை குழம்பிப்போறது. இடைப்பட்ட காலத்தில் அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட பியானோ இசையை வாசிச்சார். 1990களில் போடாக்ஸ் ஊசி உட்பட்ட சிகிச்சைக்குப் பிறகுதான் மறுபடியும் ரெண்டு கையாலயும் வாசிக்க முடிஞ்சது. 2004இல் வந்த அவரோட ஆல்பத்துக்குப் பேரே 'டூ ஹேண்ட்ஸ்'. நமக்கு வர்ற பிடிப்பெல்லாம் டிஸ்டோனியா இல்லை, பயப்பட வேண்டாம். ஆனா, அவ்வளவு பெரிய கலைஞராலேயே ப்ராக்டிஸைக் கூட்டி ஜெயிக்க முடியலைங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

அவ்வளவு தூரம்கூட போக வேண்டாம். நம்ம ஊர் கல்யாணத்தில் தவில் வாசிக்கிறவரைப் பாருங்க. ஒரு கையில் குச்சி, இன்னொரு கை விரல்களில் கூடு. அந்தக் கூட்டைப் பார்த்து "வெறும் விரலால் அடிக்கத் தெரியாதவர்"னு யாராவது சொல்லுவாங்களா? விரலைக் காப்பாத்துறதும் அந்த வித்தையில் ஒரு பகுதின்னு தெரிஞ்சவங்க அவங்க. மெல்லிய ஸ்ட்ரிங் போட்டா, கேப்போ போட்டா கிண்டல் பண்றது நாமதான்.

சரி, என்ன பண்ணலாம்? எடுத்த உடனே வேகமான பாட்டு வேண்டாம், முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா வாசிங்க. 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவியைக் கீழே வெச்சு எழுந்து நடங்க. பிடிப்பு வந்தா அந்த இடத்திலேயே நிறுத்தி, விரல்களை மெதுவா நீட்டி விடுங்க. பாட்டை முடிச்சிட்டு நிறுத்தலாம்னு நினைக்காதீங்க. ஸ்ப்ரே அடிச்சிட்டோ வலி மாத்திரை போட்டுட்டோ வாசிக்காதீங்க, அது அலாரத்தை மட்டும் ஆஃப் பண்ற வேலை. கை ஓய்வில் இருக்கிறப்போ பாட்டைக் கேளுங்க, வாயால் பாடிப் பாருங்க, கார்டு மாறுற இடத்தை மனசுக்குள்ள ஓட்டுங்க. அதுவும் ப்ராக்டிஸ்தான்.

சில அறிகுறி வந்தா டாக்டரைப் பார்த்தே ஆகணும். விரல் மரத்துப்போறது அல்லது சுருக் சுருக்னு குத்துறது, ராத்திரி கை வலியில் முழிப்பு வர்றது, டம்ளர், சாவி கை நழுவி விழறது, வாசிக்கிறப்போ மட்டும் விரல் தானா சுருளுறது, ஓய்வு கொடுத்தும் ரெண்டு வாரத்துக்கு மேல வலி போகாதது. இதுக்குப் பின்னாடி சர்க்கரை, தைராய்டு மாதிரி காரணங்கள்கூட இருக்கலாம். யூட்யூப் எக்சர்சைஸ் வீடியோ பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

கடைசியா, மியூசிக் கிளப் மக்களுக்கு. எங்க பேட்ச் இந்த மே மாசம் கிளம்புது. அடுத்து பொறுப்பு எடுக்கிறவங்ககிட்ட நான் கேட்கிறது மூணே மூணு. ஒவ்வொரு இன்ஸ்ட்ருமென்ட்டுக்கும் ரெண்டு பேரைத் தயார் பண்ணுங்க. மூணு பாட்டுக்கு ஒரு தடவை பிரேக் கட்டாயம்னு வெச்சுக்கங்க. கை வலிக்குதுன்னு சொன்னதுக்காக யாரோட இடமும் போகாதுன்னு முதல் மீட்டிங்கிலேயே, எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. இதில் மூணாவதுதான் முக்கியம். அது இல்லைன்னா முதல் ரெண்டும் இருந்தும் பிரயோஜனமில்லை, பசங்க மறைப்பாங்க.

இதில் உடன்பாடு இல்லாதவங்க சண்டைக்கு வரலாம், சாயங்காலம் மியூசிக் ரூமில்தான் இருப்பேன். வர்றப்போ உங்க கிட்டாரையும் எடுத்துட்டு வாங்க. ஸ்ட்ரிங் எவ்வளவு உயரத்தில் இருக்குன்னு முதல்ல அதைப் பார்ப்போம்.