ஊசி செருகாதவன் மட்டுமா குற்றவாளி?

ஆகாயத்தில் செல்லும் யந்திரம் ஒன்று வீழ்ந்து உயிர்கள் மாண்டால், அடுத்த நாளே தீர்ப்பொன்று வெளிவந்துவிடுகின்றது: "மெக்கானிக்கின் தவறு." அத்துடன் வழக்கு முடிந்தது. முதலாளி தப்பினார், அதிகாரி தப்பினார், கையிலே எண்ணெய் படிந்தவன் மாத்திரம் அகப்பட்டுக்கொண்டான். இத்தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கின்றோம். மறுப்பதற்கு ஆதாரமும் காட்டுகின்றோம்.

2011 டிசம்பர் 7 ஆம் திகதி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ஹூவர் அணைக்கட்டைக் காட்டுவதற்காக நான்கு பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஹெலிகொப்டர் மலைப்பகுதியிலே வீழ்ந்து நொறுங்கியது. விமானியும் பிரயாணிகளுமாக ஐவரும் மாண்டனர். முதல் நாள்தான் அது பழுதுபார்க்கப்பட்டிருந்தது. மேலே சுழலும் தகடுகளை ஆளும் கருவியொன்று மாற்றப்பட்டிருந்தது. அதை இணைக்கும் ஆணிக்குப் பூட்டப்பட்டதோ பிடிப்பிழந்த பழைய நட்டு. அந்நட்டுக் கழலாதபடி குறுக்கே செருகவேண்டிய சிறு கம்பி ஊசி செருகப்படவில்லை. அல்லது சரிவரச் செருகப்படவில்லை. பறக்கையில் நட்டுக் கழன்றது, ஆணி நழுவியது, யந்திரம் விமானியின் ஆட்சிக்கு அடங்காது போயிற்று.

"அப்படியாயின் குற்றவாளி மெக்கானிக்தானே?" என்பர் சிலர். அவசரப்பட வேண்டாம். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்து 2013 இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பழுதுபார்த்தவரும், அவர் வேலையைச் சோதித்த பரிசோதகரும் களைப்புற்றிருந்தனர். வழக்கத்துக்கு முந்திய நேரத்திலே இருவரும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அம்மாற்றத்துக்கு உடல் பழக அவகாசம் இருக்கவில்லை. ஒருவருக்குப் போதிய உறக்கமில்லை. மற்றவருக்கு நீண்ட வேலை நாள். எந்த வேலையை எவ்வெப் படியாகச் செய்வது, எவ்வெப் படியாகச் சோதிப்பது என்று தெளிவாக வகுத்த தாளும் அவர்களிடம் இருக்கவில்லை.

உறங்காத கண்ணுக்கு ஊசி தெரியவில்லை. அக்கண்ணை உறங்கவிடாத வேலை நேரத்தை வகுத்தவர் யார்?

இது புதிய கதையுமன்று. 1983 மே 5 ஆம் திகதி, மயாமியிலிருந்து நசோவுக்குப் புறப்பட்ட ஈஸ்டேர்ன் நிறுவன விமானத்தில் 172 பேர் இருந்தனர். அதன் மூன்று என்ஜின்களிலும் எண்ணெயைக் காக்கும் சிறு வளையங்கள் பூட்டப்படவில்லை. எண்ணெய் ஒழுகி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் நின்றன. முதலில் நிறுத்தப்பட்ட என்ஜினை மீண்டும் இயக்கி மயாமிக்குத் திரும்பியதால் அனைவரும் பிழைத்தனர். மெக்கானிக்குகள் விதிமுறையைப் பின்பற்றவில்லை என்று அதே சபை கூறியது; ஆயின் அத்துடன் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் தம் கடமையைச் செய்யவில்லை. இத்தகைய சம்பவங்கள் முன்னரே நிகழ்ந்திருந்தும் நிர்வாகம் அவற்றின் பாரதூரத்தை உணர்ந்து தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் கூறியது.

மெக்கானிக் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. கையொப்பமிட்டவர் அக்கையொப்பத்துக்குப் பொறுப்புக் கூறவேண்டும். ஆனால் சட்டம் பயின்ற எவரும் அறிவர்: இறுதியாகக் கைபட்டவன் ஒருவனே காரணன் என்பது நீதியன்று. தவறு நேருமென்று முன்னரே அறியத்தக்க நிலையிலே பிறனை நிறுத்தியவனும் காரணனே.

விமானி இத்தனை மணிக்கு மேல் பறக்கலாகாது, ஓய்வு கொள்ளவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வரம்பிட்டிருக்கின்றது. அந்த ஹெலிகொப்டரைத் திருத்தியவர்களுக்கோ அன்று அத்தகைய வரம்பு ஏதும் இருக்கவில்லை. பறப்பவன் களைத்தால் ஆபத்து; பூட்டுபவன் களைத்தால் ஆபத்தில்லை! என்னே இச்சட்டத்தின் விவேகம்! பராமரிப்போருக்கும் வேலை நேர வரம்பு வேண்டுமென அச்சபையே 2013 இல் பரிந்துரைத்தது.

அந்நிய நாட்டுக் கதை நமக்கேன் என்று கருதற்க. களைப்புக்குத் தேசமில்லை. பிரயாணிகளைச் சுமக்கும் யந்திரம் எந்நாட்டில் ஓடினும், அதைப் பழுதுபார்ப்பவன் உழைக்கும் நேரத்துக்குச் சட்டத்திலே எல்லை வேண்டும். அவ்வெல்லையை மீறி வேலை வாங்கும் நிர்வாகத்துக்குத் தண்டனை வேண்டும். அது வரும்வரை, விபத்து விசாரணை எங்கே நடப்பினும், "ஊசியைச் செருகாதவன் யார்?" என்ற கேள்வியோடு அமைதியடையாதீர்கள். "முதல் நாளிரவு அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான்?" என்றும் கேளுங்கள். குற்றவாளிக் கூண்டிலே இன்னும் பலருக்கு இடமுண்டு.